இரண்டாம் முறை எடுத்த இணைச்சீர்

ஒருமுறை நடந்து முடிந்த சடங்கைக் கேமராவுக்காக மறுபடி உட்கார்ந்து செய்தால், அது செய்ததாகுமா, நடித்ததாகுமா? எனக்கு இன்னும் தெரியவில்லை.

தம்பிக்குக் கோபிசெட்டிபாளையத்தில் பெண் நிச்சயமானபோது என் மகளுக்கு இரண்டு வயது. அவளை இரவல் கேமராக்களில் எடுத்துப் பழகிய தைரியத்தில், "வீடியோக்காரருக்குச் சொல்லாதீங்கம்மா, நானே எடுத்துர்றேன்" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் உறைத்தது. வேறு யாரும் எடுக்கப்போவதில்லை. நான் விட்டால் விட்டதுதான்.

காந்திபுரத்துக் கடையில் மூன்று கேமராக்களை எடுத்து வைத்தார்கள். ஒன்று உள்ளங்கைக்குள் அடங்கியது. வெளிச்சம் குறைந்தால் படம் புள்ளி புள்ளியாகியது. ஒன்று தோளில் சுமக்கும் பெரிய கேசட் வகை. மூன்றாவதில் சின்ன டிஜிட்டல் கேசட். கையால் திருப்பும் ஃபோகஸ் வளையம். தனி மைக் செருகத் துளை. ஒற்றை ஒயரில் படத்தைக் கம்ப்யூட்டருக்கு அனுப்பும் வசதி. பார்த்ததுமே கை பரபரத்தது.

கடைக்காரர் என் கணவரைப் பார்த்தே விளக்கிக்கொண்டிருந்தார். "அவங்ககிட்டச் சொல்லுங்க. எனக்கு அதை ஆன் பண்ணவே தெரியாதுங்க" என்றார் இவர்.

"ஏனுங்க அம்மணி, கனமாச்சுங்களே. முகூர்த்தம் முடியற வரைக்கும் கை தாங்குமுங்களா?"

இடுப்பிலிருந்த மகளை இவரிடம் கொடுத்துவிட்டு அந்த மூன்றாவது கேமராவைத் தூக்கினேன். "இவளைவிடக் கனம் கம்மிங்க. உதைக்கவும் மாட்டேங்குது."

வீட்டுக்கு வந்து ஒரு நோட்டில் எல்லாச் சீர்ச் சடங்குக்கும் பக்கம் ஒதுக்கினேன். எங்கே நிற்பது, எந்தப் பக்கம் வெளிச்சம் என்று படம் போட்டேன். மண்டபத்தில் அம்மாவிடம் அதைப் பெருமையாகக் காட்டினேன். இணைச்சீர்ப் பக்கத்தில் அம்மா நிறுத்தினார்.

"நீ இங்க நின்னு படம் புடிச்சா, தம்பி பக்கத்துல ஆரு உக்காருவா கண்ணு?"

மாப்பிள்ளையின் அக்காவோ தங்கையோ அவன் பக்கத்தில் உட்கார்ந்து, மணப்பெண்ணுக்கான கூறைப்புடவையின் ஒரு முனையைப் பிடிப்பதுதான் இணைச்சீர். அவனுக்கு இருப்பது நான் ஒருத்தி. நோட்டு முழுக்க எழுதியவள் என்னை மறந்திருக்கிறேன்.

கேமராவை ஸ்டாண்டில் நிறுத்தி, ஃபோகஸ் பார்த்து, பொத்தானை அழுத்திவிட்டு ஓடிப்போய் உட்கார்ந்தேன்.

பத்து நாள் கழித்து, மகள் தூங்கிய மதிய வேளையில், படத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றினேன். அந்தச் சந்தோஷத்தை எப்படிச் சொல்வது? கல்யாணமே திரையில் ஒரு நீளக் கோடாகக் கிடந்தது. வேண்டாததை வெட்டலாம், பின்னால் வந்ததை முன்னால் வைக்கலாம், நாதஸ்வரத்தைத் தனியே பிரித்து இன்னொரு காட்சிக்கடியில் ஓடவிடலாம். வெட்டியது தப்பென்று தோன்றினால் ஒரு பொத்தானில் பழையபடி ஆகிவிடும். எதைச் செய்தாலும் இரண்டு முறை யோசிக்கிற எனக்காகவே செய்த இயந்திரம். கம்ப்யூட்டர் அடிக்கடி நின்றுபோனதுகூடக் கோபம் தரவில்லை.

இணைச்சீர் வந்தது. திரையில் நான் உட்கார்ந்த நொடியில் ஒரு பெரியப்பா குறுக்கே வந்து நின்றார். அவர் பக்கத்தில் இன்னொருவர். பிறகு மாமாக்கள். கடைசிவரை சட்டை முதுகுகள். சத்தம் மட்டும் துல்லியமாக இருந்தது. சீர் செய்துவைத்த அருமைக்காரரின் குரல், மேளம், நடுவே ஒரு பெரியப்பா, "பந்தி எப்பப்பா ஆரம்பிக்கறாங்க?"

அம்மாவிடம் சொல்ல வாய் வரவில்லை. தம்பி மனைவியைப் போனில் கூப்பிட்டுச் சொன்னேன்.

"அழுவாதீங்க நங்கையா. கூறைப்புடவை எங்கிட்டத்தான இருக்குது, நாங்க எடுத்துட்டு வாரோம்" என்றாள். கணவனின் அக்காவை எங்கள் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவோம்.

அடுத்த ஞாயிறு, அம்மாவுக்குத் தெரியாமல் எங்கள் வீட்டுக் கூடத்தில், ஆல்பத்தைப் பார்த்து அதே சேலை, அதே நகை, அதேபோல் பூ. மண்டபத்துச் சுவர் நிறத்தில் பின்னால் ஒரு போர்வை. கேமராவைத் தம்பி மனைவி பிடித்தாள். முகூர்த்த நாளில் என் காதுக்குள் சிரிப்புமூட்டிக்கொண்டே இருந்த தம்பி, அன்று புடவை முனையைப் பிடித்ததும் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். கண் நிறைந்து வழிந்தது. "நடிக்கறியாடா?" என்றேன். "இல்லக்கா" என்றான்.

புதுப் படத்தை மண்டபத்துச் சத்தத்தின்மேல் வைத்து, நிறத்தைக் கொஞ்சம் மஞ்சளாக்கினேன். பந்தி கேட்ட குரலை மட்டும் வெட்டினேன். நாங்கள் பேசிய இரண்டு வார்த்தையையும் எடுத்துவிட்டதால் உதடசைவு எங்கும் இடிக்கவில்லை. முடிந்ததும் மகளைத் தூக்கிக்கொண்டு கூடம் முழுக்க ஆடினேன்.

கேசட்டில் பதிந்து கொடுத்ததும் அம்மா அந்த இடத்தை மூன்று முறை ஓட்டிப் பார்த்தார். "அன்னைக்கு எம் பையன் இப்படி அழுதுபோட்டானே, நான் பாக்காம போயிட்டனே" என்றார். இப்போது வீட்டுக்கு வரும் எல்லோருக்கும் அதைப் போட்டுக் காட்டுகிறார்.

இணைச்சீர் ஒருமுறைதான் செய்ய வேண்டும் என்பது அம்மாவின் நம்பிக்கை. தம்பி மனைவி இப்போது முழுகாமல் இருக்கிறாள். உண்மையைச் சொன்னால், பிரசவம் ஆகும்வரை அம்மா பயந்தே கிடப்பார். சொல்லாவிட்டால், ஒவ்வொரு முறை அந்தக் கேசட் ஓடும்போதும் நான் எழுந்து சமையலறைக்குள் போக வேண்டியிருக்கிறது. என் இடத்தில் நீங்கள் இருந்தால் அம்மாவிடம் சொல்வீர்களா? சொல்வதென்றால் இப்போதா, குழந்தை பிறந்த பிறகா? படிக்கிறவர்கள் தயவுசெய்து எழுதுங்கள்.