நான் தேய்த்து அழித்த எண்

சர்க்கரை வியாதியால் என் கணவரின் வலது காலில் மூன்று விரல்களை எடுத்த பிறகுதான் நான் எங்கள் பிக்கப்பை ஓட்டக் கற்றுக்கொண்டேன். அப்போது எனக்கு நாற்பத்தாறு வயது. வண்டிக்கு இருபத்துமூன்று.

ஈப்போவுக்கு வெளியே, ரப்பர் மரங்களை வெட்டிவிட்டு மலிவு விலை வீடுகள் கட்டிய பழைய தோட்டத்து நிலத்தில் இருக்கிறோம். அவர் புல்வெட்டும் காண்ட்ராக்ட் எடுத்திருந்தார். பத்து காஜா ஊர்ப் பக்கம் இரண்டு தாமான் குடியிருப்புகள், ஒரு பள்ளிக்கூடத் திடல். மெஷின், பெட்ரோல், வெட்டிய புல் மூட்டைகள் எல்லாம் அந்த வண்டியில்தான் போகும். சரக்கு வண்டி என்பதால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை சோதனைக்குக் கொண்டுபோக வேண்டும். பாஸாகவில்லை என்றால் ரோட் டாக்ஸ் கிடையாது. அவர் ஓட்டிய காலத்தில், சோதனை முடிந்து வரும்போது தெருமுனையிலேயே ஹார்ன் அடித்தால் பாஸ். ஒன்றும் பேசாமல் நேரே குளிக்கப் போனால் பெயில் என்று நான் தெரிந்துகொள்வேன்.

நான் முதல்முறை கொண்டுபோன அன்று வரிசையில் எல்லாம் லாரிகள். பெண் என்று நான் ஒருத்திதான். பின்சக்கரங்களை உருளையின்மேல் ஏற்றி பிரேக்கை மிதிக்கச் சொன்னார்கள். இடது சக்கரம் பிடித்து நின்றது. வலது சக்கரம் கேட்காமல் சுற்றிக்கொண்டே இருந்தது. ஒரு விளக்கு வானத்தைப் பார்த்தது, இன்னொன்று தரையைப் பார்த்தது. ஆக்சிலேட்டரை அழுத்தச் சொன்னபோது வந்த கரும்புகையில் பின்னால் நின்ற லாரிக்காரர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். கடைசியாக, வண்டிக்கு அடியில் இருந்த குழிக்குள் நின்றிருந்தவர் சுத்தியலால் அடிச்சட்டத்தைத் தட்டினார். துரு பாளம் பாளமாக விழுந்தது. ஓர் இடத்தில் சுத்தியல் உள்ளேயே போய்விட்டது.

தாளைக் கொடுத்த மலாய் இளைஞர், "அக்கா, பிரேக், புகையெல்லாம் சரி பண்ணிவிடலாம். அடிச்சட்டத்தைப் பார்த்தால்தான் பயமாக இருக்கிறது" என்று அவர் மொழியில் மெதுவாகச் சொன்னார்.

வீட்டில் அவர் வாசலிலேயே உட்கார்ந்திருந்தார்.

"என்னா சொன்னானுங்க?"

"எல்லாமே பெயிலு."

"லைட்டுமா?"

"லைட்டும்தான்."

அவர் சிரித்துவிட்டார். எனக்கும் சிரிப்பு வந்தது. அந்த வண்டி விஷயத்தில் நாங்கள் சேர்ந்து சிரித்தது அதுதான் கடைசி.

எங்கள் மெக்கானிக் சீனர்; முதலாளி என்ற அர்த்தத்தில் தவுக்கே என்றுதான் கூப்பிடுவோம். தோட்டத்துப் பக்கத்திலேயே வளர்ந்தவர் என்பதால் எங்களைவிட நன்றாகத் தமிழில் திட்டுவார். வண்டியின் கீழே படுத்துப் பார்த்துவிட்டு எழுந்தார். "அக்கா, பின்னாடி எண்ணெய் ஒழுகி பிரேக் கட்டை நனஞ்சுபோச்சு. அதான் பிடிக்கல. அது சின்ன வேல லா. ஆனா சேசி? இங்க ஒட்டுனா நாளைக்கு அங்க ஓட்ட விழும்."

"ஒட்டிக் குடுங்க தவுக்கே. வேற வழியில்ல."

இரண்டு இடத்தில் இரும்புத் தகடு வைத்து ஒட்டிக்கொடுத்தார். மிச்சத் துருவைச் சுரண்டி பெயிண்ட் அடிப்பதை வீட்டிலேயே செய்துகொள்ளலாம் என்றார்.

நான் அதைச் செய்தேன். ட்ரில்லில் கம்பி பிரஷை மாட்டி, கீழே அட்டைப்பெட்டியை விரித்துப் படுத்துக்கொண்டு, இரண்டு நாள் தேய்த்தேன். அவர் பிளாஸ்டிக் நாற்காலியைப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்து, இங்கே, அங்கே என்று கைத்தடியால் காட்டினார். கண்ணெல்லாம் துரு. ஆனாலும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஆஸ்பத்திரிக்கு அலைந்த மாதங்களில் என் கையால் எதுவும் சரியானதில்லை. இது என் கண்முன்னே சுத்தமாகிக்கொண்டு வந்தது.

"போதும்மா, விடு" என்றார்.

"முன்சக்கரத்துப் பக்கம் இன்னும் கொஞ்சம் இருக்குங்க."

அதையும் தேய்த்து, கறுப்பு பெயிண்ட் இரண்டு கை அடித்தேன். குனிந்து பார்த்தவர், "புது வண்டி மாரி இருக்கு" என்றார்.

மறுபடி சோதனைக்குப் போனபோது அதே இளைஞர்தான் இருந்தார். வண்டி எண்களைச் சரிபார்ப்பதுதான் முதல் வேலை. வலது முன்சக்கரத்தின் பின்னால் குனிந்து, அடிச்சட்டத்தில் குத்தியிருக்கும் சேசி நம்பரைத் தேடினார். டார்ச் அடித்தார். கட்டைவிரலால் தடவினார். இன்னொருவரைக் கூப்பிட்டார். துணியில் எதையோ நனைத்து வந்து என் பெயிண்டைத் துடைத்தார்கள். கடைசி நாலு இலக்கம் மட்டும் மங்கலாகத் தெரிந்தது. மற்ற இடம் வழவழவென்று இருந்தது.

"இங்கே தேய்த்தது யார், அக்கா?"

"நான்தான்" என்றேன்.

அவர் அதைத் தாளில் எழுதிக்கொண்டார். அன்று பிரேக் பிடிக்கிறதா என்று யாரும் பார்க்கவில்லை. எண் இல்லாத வண்டியை உள்ளேயே விடமாட்டார்களாம்.

வீட்டுக்கு வந்து அவரிடம் சொன்னேன். "நம்பரு அழிஞ்சுபோச்சாம். நான் தேச்சதுல."

"நானும் பக்கத்துலதான உக்காந்திருந்தேன். எனக்கும் நெனப்பு வரலயே" என்றார். அவர் திட்டியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

போலீஸில் ரிப்போர்ட் கொடுக்கச் சொன்னார்கள். அங்கே, திருட்டு வண்டியின் எண்ணைத்தான் இப்படி அழிப்பார்கள் என்று ஒருவர் என் முகத்தைப் பார்த்தே சொன்னார். வண்டியின் பதிவுப் பத்திரமான கிராண்ட்டைக் காட்டினேன், பழைய ரோட் டாக்ஸ்களைக் காட்டினேன். புது எண் குத்த போக்குவரத்து அலுவலகத்துக்கு மனு எழுதிப் போட்டோம். நாலு மாதம் கழித்து வண்டியை இழுத்துக்கொண்டு வரச் சொன்னார்கள். பார்த்த அதிகாரி, இரும்பு மெலிந்துவிட்டது, குத்தினால் ஓட்டை விழும் என்று எழுதிவிட்டார். அதற்குள் தாமான்காரர்களும் பள்ளிக்கூடமும் வேறு ஆள் பார்த்துக்கொண்டார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. புல் காத்திருக்காது.

வண்டியின் பதிவை ரத்து செய்யும் பாரத்தில் என் கணவர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடி கையெழுத்துப் போட்டார். அடுத்த வாரம் அவருடைய வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். பழைய இரும்புக்காரர்கள் வந்து, எங்கள் வீட்டு வாசலிலேயே வண்டியை கேஸ் வைத்து அறுத்து, ஒரே மதியத்தில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

இப்போது ஈப்போவில் தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் ஒரு மாமாக் உணவகத்தில் பாத்திரம் கழுவுகிறேன். பஸ்ஸில் போய் வருகிறேன். போன மாதம் என் லைசென்ஸ் முடிந்தது.

"புதுப்பிச்சு வச்சுக்கயேன், எப்பவாச்சும் ஒதவும் லா" என்றார் என் கணவர்.

"எத ஓட்டுறதுக்கு?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். நான் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று கிளம்பினேன்.