ஜன்னல் கம்பியில் கட்டிய மைக்

கம்ப்ரெஸ்ஸர் என்றாலே எங்கள் சவுண்டு மிக்ஸிங் தொழிலில் அடக்குவதுதான் எல்லோருக்கும் ஞாபகம் வரும். யாராவது கத்தினால் அந்தக் கத்தலின் தலையில் ஒரு தட்டு. அதற்கு நேர்மாறாக இன்னொன்று இருக்கிறது, அப்வர்ட் கம்ப்ரெஷன். கத்துகிறவனை அது தொடாது. முனகுகிறவனை மட்டும் தூக்கிவிடும். மூச்சு, புடவை உரசல், கரண்டியைக் கீழே வைக்கிற சத்தம், கிசுகிசுப்பு எல்லாம் மேலே வரும். கூடவே கண்ட இரைச்சலும் வரும் என்பதால் பலர் அதன் பக்கமே போவதில்லை. எனக்கு அது பிடிக்கும். ஒருமுறை அது என்னையே மாட்டிவிட்டது. அப்புறமும் பிடிக்கும்.

நான் சாலிகிராமத்தில் ஒரு மிக்ஸிங் ஸ்டுடியோவில் வேலை செய்கிறேன். வீடு தண்டையார்பேட்டையில், குடோன்களுக்குப் பின்னால் ஒரு தெரு. அம்மா அதில் ஒரு குடோனில் மூட்டை தைக்கிறாள். வேலைக்குச் சேர்ந்து ஆறு வருடம் இதையெல்லாம் ஸ்டுடியோவில் யாரிடமும் நான் சொன்னதில்லை. வீடு எங்கே என்று கேட்டால் "பாரிஸ் கார்னர் பக்கம்" என்பேன். பாரிமுனையில் பஸ் மாறும்போதே நாக்கையும் மாற்றிக்கொள்வேன். இந்தப் பக்கம் இன்னா, கீது. அந்தப் பக்கம் என்ன, இருக்கு. சேர்ந்த புதிதில் வாய் தவறி "ஒயரு அங்க கீது சார்" என்று சொல்லிவிட்டேன். அறையே சிரித்தது. ஒரு வாரம் என்னைப் பார்க்கும்போதெல்லாம் அதையே சொல்லிக்காட்டினார்கள். அன்றைக்கு மூடிய வாய்.

போன வருடம் ஒரு படம் வந்தது. வடசென்னை ரவுடி, காதலிக்கிறான், திருந்துகிறான், வெட்டுப்படுகிறான். எங்கள் பக்கத்தைப் படம் எடுக்கிறவர்களுக்கு எங்கள் வீடுகளில் அரிவாளைத் தவிர வேறு சாமானே கண்ணில் படாது போலிருக்கிறது. சத்தம் எப்படி இருக்க வேண்டும் என்று பேசுவதற்காக டைரக்டர் முன்கூட்டியே வசனத்தை எனக்குக் கொடுத்திருந்தார். பெற்ற தாயிடம் சோறு கேட்கிற இடத்தில்கூட ஹீரோ "கஸ்மாலம்" என்று திட்டுகிறான். அந்தச் சொல்லை நான் சினிமாவில்தான் கேட்டிருக்கிறேன். படித்துவிட்டு, "நல்லா இருக்கு சார்" என்றேன். ஷூட்டிங் எங்கள் தெருவிலேயே என்று தெரிந்தபோதும் எதுவும் சொல்லவில்லை. ஷூட்டிங் நாளில் நல்ல பிள்ளையாக ஸ்டுடியோவுக்குப் போய் உட்கார்ந்துகொண்டேன். வீடு திரும்பியதும், "நம்ம ஜன்னல்ல இன்னாவோ பஞ்சு முட்டாய் மாரி ஒன்ன கட்டிட்டு போனானுங்கடி" என்று அம்மா சொன்னாள். காற்றுச் சத்தம் விழாமலிருக்க மயிர் உறை போட்ட மைக் அது. தெருவின் சத்தத்துக்கென்று தனியாக வைத்தது.

படம் லைவ் சவுண்டு. அதாவது அங்கே பேசியதே படத்தில் வரும், பிறகு டப்பிங் கிடையாது. அந்தச் சோற்றுக் காட்சியைக் கேட்டுவிட்டு டைரக்டர் சொன்னார்: "ஹீரோ பேசி முடிச்சு நிக்கிற இடத்துல தெரு செத்துப்போய் கிடக்கும்மா. உயிர் வேணும்."

அடுத்த நாள் பகல் முழுக்க அந்த ஜன்னல் மைக் ட்ராக்கை மட்டும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஹீரோவின் கத்தலைத் தொடாமல் அடியில் இருப்பதைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினேன். முதலில் குக்கர் விசில். பிறகு குடோன் பக்கம் லாரி பிரேக்கிலிருந்து காற்று விடுகிற சத்தம். அதற்கும் அடியில், ஜன்னலுக்கு உள்பக்கமிருந்து இரண்டு பெண்களின் கிசுகிசுப்பு. "சைலன்ஸ்" என்று வெளியே எவரோ கத்தியதற்குப் பயந்து குரலைத் தாழ்த்தியிருந்தார்கள். வாயை மூடவில்லை.

"இன்னா அண்ணி இவன் இப்டி பேசறான்? பெத்த தாய்கிட்ட எவனாவது இப்டி பேசுவானா? உன் பொண்ணு சினிமாலதான வேல செய்து, சொல்லக்கூடாதா?"

பக்கத்து வீட்டு அத்தை. காலையில் இட்லி விற்கிறவள். எனக்குச் சிரிப்பு வந்தது. அதற்குள் அம்மாவின் குரல் பதில் சொன்னது.

"அது எங்கடி சொல்லும்? அங்க போனா அதுக்கு வாயே வேற."

ஹெட்ஃபோனைக் கழற்றி வைத்துவிட்டேன். முதலில் அம்மாமேல்தான் கோபம் வந்தது. ஊரைக் கூட்டி மகளைப் பற்றிப் பேசுகிறாளே என்று. அவளுக்கு எப்படித் தெரிந்தது என்று யோசித்தேன். ஸ்டுடியோவிலிருந்து போன் வந்தால் நான் வாசல்படிக்குப் போய் நின்று பேசுவேன். ஒற்றை அறை வீட்டில் வாசல்படி என்ன கடல் கடந்தா இருக்கிறது? ஆறு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். ஒரு நாளும் என்னிடம் கேட்டதில்லை. வெட்கத்தில் எனக்குக் காது சுட்டது. ஊரான் கிசுகிசுப்பையெல்லாம் தூக்கிவிடுகிறவளுக்குத் தன் வாயில் மட்டும் என்ன கொழுக்கட்டையா?

மறுநாள் காலை டைரக்டர் வந்தார். போட்டுக் காட்டினேன். "ஆங், இப்பதான் தெரு மூச்சு விடுது" என்றார். "அந்த ரெண்டு லேடீஸ் என்ன பேசறாங்க? ஏத்து பார்க்கலாம்."

ஏற்றினேன். கேட்டுவிட்டுச் சிரித்தார். "யாரும்மா இது, நம்ம ஹீரோவையே ஓட்டுது? எடுத்துடு."

"எடுக்க மாட்டேன் சார்."

"என்னது?"

"அது எங்க அம்மாவும் பக்கத்து வூட்டு அத்தையும் சார். மைக்கு கட்னது எங்க வூட்டு ஜன்னலு. அவங்க சொல்றதுல இன்னா தப்பு கீது?"

கூட வந்திருந்த உதவி டைரக்டர் சிரிக்க வாய் திறந்தவர் என் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டார்.

"வசனத்தைப் படிச்சிட்டு நல்லா இருக்குன்னு சொன்னவ நீதானே?" என்றார் டைரக்டர். நியாயமான கேள்வி.

"சொன்னேன். அது என் தப்பு. இப்ப மாத்தி சொல்றேன். எங்க தெருவுல பெத்தவகிட்ட எவனும் இப்டி பேச மாட்டான். ஹீரோவ கூப்ட்டு அந்த நாலு வரிய மறுபடி பேச வைங்க. நானே ஒக்காந்து சொல்லிக் குடுக்கறேன்."

"அவர் கால்ஷீட்டுக்கு நான் எங்கம்மா போவேன்? பாக்கறவனுக்கு இதுதான் வடசென்னை."

"அப்ப எங்க கொரலும் அதுல இருக்கட்டும். எடுத்தே ஆவணும்னா வேற ஆள வெச்சி மிக்ஸ் பண்ணிக்குங்க சார்."

ரிலீஸுக்கு நாள் நெருங்கிவிட்டிருந்தது. என்னைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். "யாருக்குக் கேக்கப் போகுது, இருந்துட்டுப் போகட்டும்" என்று எழுந்து போனார். யாருக்குக் கேட்கும் என்பது என் கையில் இருக்கிறது என்று அவருக்குத் தோன்றவில்லை. அவர் போனதும் இன்னும் கொஞ்சம் ஏற்றினேன். ஓரிடத்தில் மட்டும் வெட்டினேன்.

இரண்டாம் நாள் மேட்னி ஷோவுக்கு அம்மாவையும் அத்தையையும் எங்கள் பக்கத்துத் தியேட்டருக்கே கூட்டிப்போனேன். அந்தக் காட்சி வந்தது. ஹீரோ கத்திவிட்டு நின்றான். குக்கர் விசில், லாரி, பிறகு அத்தை. "பெத்த தாய்கிட்ட எவனாவது இப்டி பேசுவானா?" முன்வரிசையில் விசில் பறந்தது. "கரெக்டா கேட்டுச்சுபா ஆயா!" என்று ஒருத்தன் கத்தினான். அத்தை எழுந்தே நின்றுவிட்டாள். "எவன்டா ஆயா? நாந்தாண்டா அது!"

அம்மா சிரிக்கவில்லை. இடைவேளை விளக்கு போட்டதும் என் பக்கம் திரும்பினாள்.

"நானுந்தான அப்ப பேசுனேன்" என்றாள். "என்னுது எங்கடி?"

"வெட்டிட்டேன்."

"ஏன்?"

"வாயே வேறன்னியே, அது இப்ப பொய்யாப் பூட்ச்சும்மா."