நான்கு பூஜ்யங்கள்

காப்பிக் கோப்பையை ஒதுக்கி வைத்துவிட்டுப் பேனாக்கத்தியால் பென்சில் சீவுகிறார் லொரெய்ன் பெஸ்டெக். காலை ஏழு மணி. சுரங்க ஊரான கார்வரில், கஸ்ஸின் சிற்றுண்டிக் கடை ஜன்னலோர மேசை அவருடையது. நேற்றைய பேஸ்பால் ஆட்டங்களின் பட்டியல்கள் செய்தித்தாளில் பொடி எழுத்தில் வந்திருக்கின்றன; ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் நாலு எண்கள்: மட்டை வீசிய தடவைகள், எடுத்த ரன், அடித்த அடி, பிறருக்கு எடுத்துத் தந்த ரன். மற்றவர்கள் யார் ஜெயித்தது என்று பார்ப்பார்கள். இவர் கூட்டிப் பார்ப்பார்.

"மட்டையோட வந்தவன் ஒண்ணு சுத்தி வந்து ரன் எடுத்திருக்கணும், இல்லே அவுட்டாகியிருக்கணும், இல்லே பாதி வழியிலே நின்னிருக்கணும். நாலாவது வழியை ஆண்டவன் படைக்கலே." மூன்றையும் கூட்டினால் வந்தவர்களின் எண்ணிக்கை வரவேண்டும். வராவிட்டால் அன்று பத்திரிகை ஆபீஸ் தொலைபேசிக்கு ஓய்வில்லை.

வயது அறுபத்தொன்று. கம்பளிச் சட்டைப் பையில் எப்போதும் மூன்று பென்சில்கள். இரவல் கிடையாது. கஸ் ஒருமுறை கேட்டதற்கு, "என் பல்செட்டைக் கேளு, தர்றேன். இதைக் கேக்காதே" என்றார்.

கார்வருக்கென்று ஓர் அணி இருந்த காலம் ஒன்று உண்டு. தகரக் கூரைக்கடியில், ஆண்களின் சுருட்டுப் புகை நடுவே ஒரே பெண்ணாக உட்கார்ந்து ஒவ்வோர் ஆட்டத்தின் பட்டியலையும் பத்திரிகைக்காக எழுதினார் லொரெய்ன். தாளில் படியும் கரித்தூளை ஊதிவிட்டுத்தான் அடுத்த பெயர். வறுத்த கடலை வாசனை, மூவாயிரம் பேரின் கூச்சல்! அந்த நாட்களைச் சொல்லும்போது அவர் கன்னம் இன்றைக்கும் சிவக்கும். அவர் பட்டியல் ஒருநாளும் பிசகியதில்லை என்பது ஊரின் பெருமை.

பள்ளிப் பேருந்து ஓட்டும் வால்ட் செர்மாக்குக்கு மட்டும் அதில் ஒரு குறை. பத்தொன்பது வயதில், முழங்கால் சுளுக்கிய ஒருவனுக்குப் பதிலாக ஒரே ஒரு நாள் அவரை அணியில் சேர்த்தார்கள். எட்டாவது சுற்றில், பந்து வீசுபவனுக்குப் பதிலாக மட்டை பிடித்தார். நாலு பந்தும் எட்டாமல் விலகிப் போக, விதிப்படி முதல் கட்டத்துக்கு நடந்தார். சுற்று முடியும்வரை அங்கேயே நின்றார். இப்படி நடந்து போவது பட்டியலின் நாலு எண்களில் எதிலும் சேராது. அவ்வளவுதான் அவர் ஆடிய ஆட்டம். மறுநாள் பத்திரிகையில் அவர் பெயரே இல்லை. இருபத்து மூன்று வருஷமாக ஊர் கேலி செய்கிறது.

போன வியாழக்கிழமை கஸ் ஆரம்பித்தார். "வாங்க சாம்பியன்! சனிக்கிழமை நகர மண்டபத்திலே பலகை மாட்டறாங்களாம். நம்ம அணியிலே ஆடின அத்தனை பேர் பெயரும், பழைய பத்திரிகையைப் பார்த்து எழுதியாச்சு. கனவுலே ஆடினவங்களுக்குத் தனிப் பலகையாம்!"

வழக்கமாக வால்ட்டும் சேர்ந்து சிரிப்பார். அன்று முள்கரண்டியைக் கீழே வைத்தார்.

"போதும்டா கஸ். என் பொண்ணே நம்பலே. 'ஏம்ப்பா இன்னும் இந்தப் பொய்'னு நேத்து கேட்டுட்டா."

ஜன்னலோரத்தில் பென்சில் முனை ஒடிந்தது.

இருபத்து மூன்று வருஷத்துக்கு முன், வால்ட் ஆடிய அன்றும் ஒடிந்துதான் இருந்தது. ஒடிந்ததைச் சீவிக்கொண்டிருந்த நிமிடத்தில் ஒருவன் மட்டையோடு வந்து போயிருக்கிறான்; அவனை எழுதவில்லை. பட்டியலை அச்சுக்கு எடுத்துப்போக ஆள் வாசலில் நிற்கிறான். கூட்டினால், எழுதிய பெயர்களின் கணக்கைவிட ஒன்று அதிகம். பாதி வழியில் நின்றவர்கள் ஒன்பது பேர் என்றிருந்ததை எட்டாக்கிவிட்டார் லொரெய்ன். பட்டியல் கச்சிதமாக ஒத்துப்போனது. மறுநாள் அந்தப் பையன் வால்ட் தொப்பியைக் கையில் பிடித்தபடி வந்து கேட்டபோது, "என் பட்டியல் சரியாத்தான் இருக்கு, தம்பி" என்று சொல்லி அனுப்பியவரும் அவரே.

வெள்ளிக்கிழமை காலை, கடை நிறையக் கூட்டம். அந்தக் காலத்து ஆட்டங்களை எழுதிய பழுப்பேறிய நோட்டோடு வந்தார் லொரெய்ன்.

"கஸ், அடுப்பை அணை. எல்லாரும் கேளுங்க. வால்ட் ஆடின அன்னிக்கு பாதி வழியிலே நின்னவங்க ஒன்பது பேர். எட்டுன்னு எழுதினது நான். ஒன்பதாவது ஆள் இவன்தான்."

எட்டை அழித்து ஒன்பது எழுதினார். நோட்டை வால்ட் பக்கம் திருப்பினார். பந்து வீசியவன் பெயருக்குக் கீழே ஒரு வரி காலியாக இருந்தது.

"என்ன எழுதணும், மிஸ் லொரெய்ன்?" என்றார் வால்ட்.

"உன் பேரு. பக்கத்துலே நாலு பூஜ்யம்."

பையிலிருந்து ஒரு பென்சிலை எடுத்து, முனை ஒடியாமல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, அவரிடம் நீட்டினார்.