சுண்ணாம்பு கேட்ட பேயும் நாற்பத்திரண்டாம் வாரமும்

டென்மார்க்கில் வாரங்களுக்கு எண் உண்டு. தொழிற்சாலை விடுப்பு, பள்ளி விடுமுறை, பல் வைத்தியரின் நேரம் எல்லாம் வார எண்ணிலேயே பேசப்படும். நாற்பத்திரண்டாம் வாரம் இலையுதிர்கால விடுமுறை. முன்பு பிள்ளைகள் வயலில் உருளைக்கிழங்கு கிண்டப் போன வாரம் என்பதால் நாங்கள் குடியிருக்கும் இக்காஸ்ட் ஊரில் பக்கத்து முதியவர்கள் அதை உருளைக்கிழங்கு விடுமுறை என்பார்கள். 1989ஆம் ஆண்டின் அந்த வாரத்துக்கு என் நாட்குறிப்பில் நான்கு பக்கங்கள் இருக்கின்றன. வழமையாக ஒரு நாளுக்கு மூன்று வரிக்கு மேல் நான் எழுதுவதில்லை.

அந்தக் கோடையில்தான் மனைவியும் ஏழு வயது மகளும் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து சேர்ந்திருந்தார்கள். நான் புறப்பட்டபோது மகளுக்கு நான்கு வயதுகூட நிறையவில்லை. குடும்பத்தைக் கூப்பிட நான் கொடுத்த விண்ணப்பம், மற்றத் தமிழருடையவற்றோடு சேர்ந்து, ஏதோ ஓர் இழுப்பறையில் தூங்கியது. அப்படித் தூங்க வைத்தது சட்டத்துக்கு மாறானது என்று பின்னர் வெளிப்பட்டு, 1993 தை மாதத்தில் அரசாங்கமே பதவி விலகியது. அது புத்தகங்களில் இருக்கிறது. நான் எழுதுவது புத்தகங்களில் இல்லாதது: வந்து பத்து வாரமாகியும் மகள் என்னை எந்த முறை சொல்லியும் கூப்பிடவில்லை.

காத்திருந்த வருடங்களில் நான் கசெற்றுகள் அனுப்பினேன். ஒரு பக்கம் மனைவிக்கு, மறு பக்கம் மகளுக்கு. மகளின் பக்கம் முழுக்கப் பேய்க்கதை. அறையில் கூட இருந்த மூன்று பேரும் சிரிப்பார்கள் என்பதற்காகத் தலையோடு போர்வையை மூடிக்கொண்டு பதிவு செய்வேன். குரல் கிணற்றுக்குள் இருந்து வருவதுபோல் இருக்கும். பேய்க்கு அது நல்லதுதான் என்று அப்போது நினைத்தேன்.

ஒருநாள் நான் வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றும்போது குசினி அடுப்பருகே பேச்சு கேட்டது.

“அம்மா, அந்தாள் எப்ப போகும்?”

“எந்தாள்?”

“காலமை வேலைக்குப் போற ஆள்.”

“அடி, அது அப்பாவெல்லே!”

“இல்லை. அப்பா கசெற்றுக்குள்ளை இருக்கிறார்.”

கசெற்றுகள் ஏழும் அவளுடைய தலையணைக்குக் கீழே இருந்தன. யாரையும் தொடவிடமாட்டாள்.

சனிக்கிழமைகளில் அவளை நூலகத்துக்குக் கூட்டிப்போவேன். நேரே பேய்ப்புத்தக அடுக்குக்குப் போய், அட்டையில் பல் அதிகம் உள்ளதாகப் பார்த்து எடுப்பாள். நான் அகராதியை மடியில் வைத்துக்கொண்டு வாசித்துச் சொல்வேன். “பேய் கதவைத் திறந்து... பொறு பிள்ளை... கதவைத் திறந்து...” நான் சொல்லைத் தேடி முடிப்பதற்குள் அவள் நாலு பக்கம் புரட்டியிருப்பாள். அந்த வாசிப்புக்கு ஒரு பூனைகூடப் பயந்திருக்காது.

ஒரு சனிக்கிழமை நூலகப் பெண்மணி என்னிடம் வந்தார். விடுமுறை வாரத்தில் பிள்ளைகளுக்குப் பேய்க்கதைப் பின்னேரம் நடக்கிறது, திரைச்சீலைகளை மூடி விளக்கோடு இருப்பார்கள், உங்கள் நாட்டுப் பேய் ஒன்றைக் கொண்டுவர முடியுமா என்று கேட்டார். அந்தக் காலத்தில் டேனிஷ் மொழியில் நான் பிழையில்லாமல் சொல்லக்கூடிய ஒரே சொல் ‘யா’, அதாவது ஓம் என்பதுதான். அதைச் சொல்லிவிட்டேன்.

விளக்கைப் பிள்ளைகளே கொண்டுவர வேண்டும். ஹலோவீனும் பூசணிக்காயும் இந்த ஊர்க் கடைகளுக்கு வந்தது பத்து வருடத்துக்குமேல் கழித்து. அன்று மாட்டுக்குப் போடும் பெரிய கிழங்கைக் குடைந்து, கண்ணும் பல்லும் வெட்டி, உள்ளே மெழுகுதிரி வைப்பார்கள். பக்கத்து வீட்டு மூதாட்டி மகளுக்கென்று இரண்டு கிழங்கைக் கொண்டுவந்து வாசலில் வைத்துப் போயிருந்தார். செவ்வாய்க்கிழமை நான் வேலையால் வந்தபோது ஒன்றுதான் இருந்தது.

“மற்றது எங்கை?”

“கறி வைச்சிட்டன். நல்ல பெரிய முள்ளங்கி எண்டு நினைச்சன். இஞ்சாருங்கோ, எவ்வளவு தூள் போட்டும் இனிக்குது!”

“அது மாட்டுக்குப் போடுறது.”

“அப்ப சாப்பிட்டிட்டுச் சொல்லுங்கோ, மாட்டுக்குக் காணுமோ எண்டு.”

மகள் வாய்க்குள் சிரித்தாள். நான் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள். மிஞ்சிய கிழங்கை நானே குடைந்தேன். பல் கோணலாக வந்தது. மனைவி பார்த்துவிட்டு, “நாங்கள் தோட்டத்திலை வெருளி வைக்கிறது கண்ணூறு துரத்த. இவை பேயைக் கூப்பிட வைக்கினமோ?” என்றாள்.

கதைப் பின்னேரம் வியாழக்கிழமை. மனைவி வெள்ளி என்று இன்றும் சொல்கிறாள். குறிப்பு வியாழன் என்கிறது. நூலகத்தின் பிள்ளைகள் பகுதியில் இருபது பேருக்குமேல் தரையில் இருந்தார்கள். மகள் கடைசி வரிசையில் தாயின் மடியில் ஒட்டிக்கொண்டிருந்தாள். நூலகப் பெண்மணி ஒரு வெள்ளைப் படுக்கை விரிப்பைத் தந்து, தலையோடு மூடிக்கொள்ளுங்கள் என்றார். மூடிக்கொண்டேன்.

எனக்குத் தெரிந்த டேனிஷில் தொடங்கினேன். ஒரு மனிதன் சந்தையிலிருந்து தனியே நடந்து வருகிறான். பின்னால் ஒரு பேய் வருகிறது. வெற்றிலை போடும் பேய். அதனிடம் வெற்றிலை இருக்கிறது, சுண்ணாம்பு இல்லை.

“பேய்க்கு எதற்குச் சுண்ணாம்பு?” என்று ஒரு சிறுவன் கேட்டான்.

“வாய் சிவக்க.” எனக்கு அதை விளக்கத் தெரியவில்லை.

“சுண்ணாம்பு சுவருக்குத்தானே பூசுவார்கள்? அது மேசன் பேய்,” என்றாள் ஒருத்தி. “என் மாமாவும் மேசன்தான்!” என்றது இன்னொரு குரல். எல்லாரும் சிரித்தார்கள். மேசன் சங்கத்தில் பேய்க்கு இடம் உண்டா என்று தகப்பன் ஒருவர் கேட்டார். என் கதையில் பயம் முழுவதும் போய்விட்டது. விரிப்புக்குள் வேர்த்தது. இனி டேனிஷால் ஆகாது என்று தெரிந்ததும், போர்வைக்குள் அந்தக் காலத்தில் சொன்னதுபோலவே, இழுத்துத் தமிழில் கேட்டேன்:

“தம்பீ... கொஞ்சம்... சுண்ணாம்பு... இருக்கோ...?”

கடைசி வரிசையிலிருந்து ஒரு சின்னக் குரல் வீரிட்டது.

“சுண்ணாம்பு இல்லை! வெத்திலையைச் சும்மா சப்பு!”

அது கசெற்றில் அந்த மனிதன் பேய்க்குச் சொல்லும் பதில். விரிப்புக்குள் இருந்ததால் ஒருவருக்கும் என் முகம் தெரியவில்லை. அது நல்லதாய்ப் போயிற்று. திரும்பவும் கேட்டேன். திரும்பவும் பதில் வந்தது, இம்முறை எழுந்து நின்று. மூன்றாவது தரம் முன்வரிசைப் பிள்ளைகளும் சேர்ந்து கத்த முயன்றார்கள். சுண்ணாம்பு என்ற சொல் அவர்கள் வாயில் நொறுங்கிப் போனது. மகள் முன்னுக்கு வந்து, இரண்டு மாதப் பள்ளி டேனிஷில் அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தாள். நாலாவது தரம் திரைச்சீலை ஆடும்படி எல்லாரும் சேர்ந்து கத்தினார்கள். வாய் சிவக்காத பேய்க்கு யார் பயப்படுவார்கள்? பேய் வெட்கப்பட்டு ஓடியது. நான் விரிப்போடு புத்தக அடுக்கில் மோதிக்கொண்டு ஓடினேன்.

வீட்டுக்கு நடந்துவரும்போது அவள் கிழங்கு விளக்கைத் தூக்கிக்கொண்டு எனக்கும் தாய்க்கும் நடுவே வந்தாள். வீட்டுக்கு வந்ததும் சுண்ணாம்புப் பேய் இருக்கும் மூன்றாவது கசெற்றை எடுத்துவந்து ரெக்கோடரில் போட்டாள். போர்வையை என் மடியில் வைத்தாள். நான் மூடிக்கொண்டேன். கசெற் ஓடும், அவள் நிறுத்துவாள், அடுத்த வசனத்தை நான் சொல்ல வேண்டும். பிறகு ஓடவிட்டுச் சரிபார்ப்பாள். குசினி வாசலில் மனைவி அகப்பையோடு அசையாமல் நின்றாள்.

எல்லா வசனத்தையும் சரியாகச் சொன்னேன். கசெற் நின்றது. போர்வையின் ஓரம் தூக்கப்பட்டது. மகள் குனிந்து உள்ளே எட்டிப் பார்த்தாள்.

“அப்பா,” என்றாள் கண்டிப்பாக, “பேய் மூண்டு தரம்தான் வரும். நீங்கள் இண்டைக்கு நாலு தரம் வரவிட்டிட்டியள்.”

பிழையை ஒப்புக்கொண்டேன். அதையும் அன்றைய பக்கத்தில் எழுதியிருக்கிறேன்.