டெனிஸ் கார்சைட் முட்டிய பந்து

டெனிஸ் கார்சைட் தன் வாழ்நாளில் தலையால் முட்டி அடித்த மிகச் சிறந்த கோல், அவருடைய சொந்த அணியின் வலைக்குள் விழுந்தது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. தோர்ன்பெக்கில் அவரைப் பற்றிப் பேச்செடுத்த யாரும் இதைச் சொல்லாமல் முடித்ததில்லை. முதலில் சொல்லிவிட்டால் மற்றதைப் பேச இடம் கிடைக்கும்.

தோர்ன்பெக் டவுன், கால்பந்து லீக்கில் நான்காம் டிவிஷன் அணி. அதற்குக் கீழே டிவிஷன் கிடையாது. மைதானம் சரிவில் இருந்தது. மேட்டுப் பக்கம் தேவாலய முனை, பள்ளத்துப் பக்கம் ஆலை முனை. டெனிஸ் இரும்பு வார்ப்பாலை அணியில் ஆடிக்கொண்டிருந்தபோது, பதினெட்டு வயதில் அவரை எடுத்துக்கொண்டார்கள். நெட்டை ஆள். நடுத் தடுப்பாட்டக்காரர், ஐந்தாம் எண் சட்டை. காலால் பந்தை நேராக அனுப்ப வராது. அதை அவரே சொல்வார்.

"காலு நடக்குறதுக்குப்பா. ஆட்டம் தலையில இருக்கு."

ஸ்டாண்டின் அடியில் ஒரு உத்தரத்திலிருந்து தோல்பந்து ஒன்று கயிற்றில் தொங்கும். மற்றவர்கள் ஓட்டம் முடித்துத் தேநீருக்குப் போன பிறகும் டெனிஸ் அதை எகிறி எகிறி முட்டிக்கொண்டிருப்பார். பயிற்சியாளர் நாபி கிளெக் கயிற்றை ஒரு பிடி உயர்த்திக் கட்டுவார். டெனிஸ் அதையும் எட்டுவார். நாபிக்கு வார்ப்பாலையிலிருந்தே டெனிஸைத் தெரியும். அணிக்கு வைத்தியரும் அவரே, சட்டை துவைப்பவரும் அவரே. ஒரு வாளித் தண்ணீர், ஒரு ஸ்பாஞ்ச், மயக்கம் தெளிய ஒரு புட்டி முகர்வு உப்பு: மருத்துவம் அவ்வளவுதான்.

மழை பெய்தால் தோல்பந்து நீர் குடித்துக் கனக்கும். தைத்த வார் இருக்கும் பக்கம் நெற்றியில் பட்டால் தழும்பு விழும். சனிக்கிழமை மாலைகளில் மனைவி மேவிஸ் அவர் முகத்தை விளக்கடியில் திருப்பிப் பார்ப்பாள்.

"இன்னிக்கும் வார்ப்பக்கமா?"

"பந்து வரும்போது, எந்தப் பக்கமா வர்றேன்னு கேட்டுட்டா முட்டுறது?"

"கேக்க வேணாம். ஒரு தடவ குனிஞ்சுக்கலாம்ல."

"குனியுறதுக்கு அவங்க வேற ஆள் வச்சிருக்காங்க."

ஞாயிற்றுக்கிழமை திரையை இழுத்துவிட்டுப் படுத்திருப்பார். மகள் ஜில் அன்றைக்குப் படிக்கட்டில் செருப்புப் போட்டு நடக்கக் கூடாது. திங்கட்கிழமை அவர் மறுபடி கயிற்றுப் பந்தின் கீழே நிற்பார்.

1964 ஏப்ரலில், பருவத்தின் கடைசி ஆட்டம். டிவிஷனின் கடைசி நான்கு இடங்களில் முடிக்கும் அணி, எங்களை வைத்துக்கொள்ளுங்கள் என்று மற்ற அணிகளிடம் ஓட்டுக் கேட்டுப் போக வேண்டும். தோர்ன்பெக்குக்கு அன்று தோற்காமல் இருந்தால் போதும்.

முதல் பாதியில் தோர்ன்பெக் ஆலை முனையைக் காத்தது. இடைவேளைக்குச் சற்று முன் டெனிஸும் எதிரணி முன்னாட்டக்காரரும் ஒரே பந்துக்கு எழும்பினார்கள். மண்டையும் மண்டையும் மோதிய சத்தம் ஸ்டாண்டின் கடைசி வரிசைவரை கேட்டது. டெனிஸைக் கைத்தாங்கலாக உள்ளே கொண்டுபோனார்கள்.

அந்தக் காலத்தில் மாற்று ஆள் கிடையாது. ஒருவர் விழுந்தால் மீதிப் பத்துப் பேர்தான். நாபி ஸ்பாஞ்சைப் பிழிந்து கழுத்தில் வைத்தார். உப்புப் புட்டியை மூக்கில் காட்டினார்.

"டேய் டெனிஸ், நான் யாரு சொல்லு."

"என் பொண்டாட்டி இல்ல. அது நிச்சயம்."

அறை சிரித்தது.

"இன்னிக்கு யார்கூடடா ஆடுறோம்?"

டெனிஸ் போன சனிக்கிழமை ஆடிய அணியின் பெயரைச் சொன்னார். அதற்கும் சிரித்தார்கள். ஒன்பது வருடமாகக் கேட்டதற்கெல்லாம் கிண்டலாகப் பதில் சொன்ன ஆள். இரண்டாவது முறை யாரும் கேட்கவில்லை.

மேலாளர் ராய் பிக்கர்ஸ் வாசலிலிருந்து எட்டிப்பார்த்தார். "நிக்க முடியுதா?"

"நின்னுட்டுத்தானே இருக்கேன் பாஸ்."

"அப்ப ஆடு."

இடைவேளைக்குப் பின் முனைகள் மாறின. இப்போது தோர்ன்பெக் தேவாலய முனையைக் காக்க வேண்டும். எதிரணிக்கு அந்த முனையில் ஒரு கார்னர், மூலையிலிருந்து வலைமுன் உதைக்கும் வாய்ப்பு, கிடைத்தது. டெனிஸுக்கு அது இன்னும் முதல் பாதி. தேவாலய முனையில் கார்னர் என்றால் நமக்கு. நமக்கு என்றால் ஐந்தாம் எண் பின்னாலிருந்து ஓடிவந்து முட்ட வேண்டும். ஒன்பது வருடப் பழக்கம். ஓடினார். எல்லோருக்கும் மேலே எழும்பினார். பந்து கம்பத்தை ஒட்டி, மூலை வலையில் போய்த் தைத்தது. கோல்கீப்பர் லென் அசையக்கூட இல்லை.

டெனிஸ் ஒரு கையை உயர்த்திக்கொண்டு திரும்பி ஓடினார். கட்டிப்பிடிக்க யாரும் வரவில்லை.

லென் பின்னாலேயே வந்து தோளைப் பிடித்தார். "டெனிஸ், இது நம்ம வலைடா."

ஸ்டாண்டில் ஒருவர் சிரித்தார். பிறகு பலர். சேம் சைடு கோல். ஆட்டம் அந்த ஒரே கோலில் முடிந்தது. தோர்ன்பெக் ஓட்டுக் கேட்கப் போனது. அவமானப்பட்டு, பிழைத்துக்கொண்டது.

மே மாதத்தில் ஆட்களை ஒவ்வொருவராக மேலாளரின் அறைக்குக் கூப்பிடுவார்கள். அடுத்த பருவத்துக்கு வைத்துக்கொள்ளப்பட்டவர் முன்படியில் இறங்குவார். கழிக்கப்பட்டவர் தன் பூட்ஸை ஆணியிலிருந்து எடுத்துக்கொண்டு, நிலக்கரி முற்றத்து வழியாகப் பின்வாசலில் போவார். யாரும் சொல்லித் தந்த விதி அல்ல. எல்லோரும் செய்தார்கள்.

"உக்காரு டெனிஸ்," என்றார் பிக்கர்ஸ். "போர்டுல யாராவது ஒருத்தன் தலை உருளணும்கிறாங்க. நீ ஒண்ணு பண்ணு. பேப்பர்காரன்கிட்ட உனக்கு அன்னிக்கு நெனவே இல்லன்னு சொல்லிடு. ஊரு மன்னிச்சிரும். அடுத்த வருஷமும் அஞ்சாம் நம்பர் உனக்குத்தான்."

"நெனவில்லாதவன உள்ள அனுப்புனது யாருன்னு கேப்பாங்களே?"

"நாபிதானே பாத்தான். சரியாயிருச்சுன்னு அவன்தான் விட்டான்."

"நிக்க முடியுதான்னு கேட்டது நீங்க."

பிக்கர்ஸ் புகைக்குழாயைத் தட்டினார். "நாபிக்கு வயசாயிருச்சுப்பா. வீட்ல இருந்துக்குவான்."

"நாபி வீட்டுக்குப் போக வேணாம். நான்தான் ஆடுறேன்னு சொன்னேன். நான்தான் முட்டுனேன். எழுதிக்கச் சொல்லுங்க."

"அப்ப உன்ன வச்சுக்க முடியாது."

"சரி பாஸ்."

பூட்ஸை எடுத்துக்கொண்டார். நிலக்கரி முற்றத்துப் பக்கம் திரும்பவில்லை. முன்படியில் இறங்கி, வாசலில் நின்றிருந்த பத்திரிகைக்காரர்களுக்கும் ரசிகர்களுக்கும் நடுவே, பூட்ஸைத் தோளில் தொங்கவிட்டபடி நடந்தார். ஒரு நிருபர் கேட்டார்: "தலையில அடிபட்டதாலயா டெனிஸ்?"

"தலையில அடிபடுறதுதானே என் வேலை," என்றார்.

உண்மையில் அந்த இரண்டாம் பாதி அவருக்கு ஒரு துளியும் நினைவில்லை. கார்னர் இல்லை, கோல் இல்லை, லென் தோளைப் பிடித்தது இல்லை. அது மேவிஸுக்கு மட்டும் தெரியும்.

பக்கத்து ஊரான கெல்டர்பி அவரை எடுத்துக்கொண்டது. அதே டிவிஷன். வீட்டை மாற்றச் சொன்னார்கள். டெனிஸ் மாற்றவில்லை. தினமும் தோர்ன்பெக் கடைத்தெரு வழியாகத்தான் பேருந்துக்கு நடந்தார். கசாப்புக் கடை வால்ட்டர் சக்டன் இறைச்சி பொட்டலம் கட்டும்போதெல்லாம், "வாசல் இந்தப் பக்கம் டெனிஸ்," என்று கை காட்டுவார். டெனிஸ் மறுவாரமும் அதே கடைக்கே போனார்.

நவம்பரில் கெல்டர்பி தோர்ன்பெக்குக்கு ஆட வந்தது. மேவிஸ் எட்டு வயது ஜில்லுடன் தேவாலய முனையில், வலைக்குப் பின்னால் நின்றாள். நான்கு ஆள் தள்ளி வால்ட்டர்.

"ஏம்ப்பா, எந்தப் பக்கம் அடிக்கணும்னு அவருக்கு யாராவது எழுதிக் குடுங்கப்பா!"

டெனிஸ் நின்றார். விரலை நாக்கில் நனைத்துக் காற்றில் பிடித்துப் பார்த்தார். பிறகு ராணுவக்காரரைப் போலத் தேவாலய முனையைச் சுட்டிக்காட்டினார். கூட்டம் சிரித்தது. இந்த முறை சிரிப்பு வேறு மாதிரி இருந்தது. வால்ட்டருக்கு அது பிடிக்கவில்லை.

"நம்ம வலையிலயே போட்டவனுக்குக் கொழுப்பப் பாரு."

மேவிஸ் திரும்பினாள். "அவரு உங்க வலையிலயாச்சும் போட்டாரு வால்ட்டர். நீ எந்த வலையில போட்ட?"

இரண்டாம் பாதியில் கெல்டர்பி அந்த முனையைக் காத்தது. மழை பிடித்துக்கொண்டது. தோர்ன்பெக் கார்னர் மேல் கார்னராக அனுப்பியது. டெனிஸ் ஒவ்வொன்றையும் முட்டி வெளியே தள்ளினார். அவர் குனியவே இல்லை. நீர் குடித்த தோல் நெற்றியில் அறையும் சத்தம் ஜில்லுக்கு வலையின் இந்தப் பக்கம் கேட்டது. கோல் விழவில்லை. இரு அணிக்கும்.

ஆட்டம் முடிந்ததும் நாபி வாளியோடு களத்தைக் கடந்து எதிரணி ஆளிடம் வந்தார். டெனிஸின் நெற்றிச் சேற்றைத் துடைத்தார்.

"சொல்லியிருக்கலாம்டா."

"என்னத்த?"

"அன்னிக்கு உனக்கு நெனவில்லன்னு."

"எனக்கு எல்லாம் நெனவிருக்கு நாபி. அருமையான முட்டு அது."

அதன் பிறகு மூன்று பருவங்கள் ஆடினார். முழங்கால்தான் அவரை நிறுத்தியது, தலை அல்ல. வார்ப்பாலைக்குத் திரும்பினார்.

அறுபது வயதைத் தாண்டியதும் சொற்கள் உதிரத் தொடங்கின. முதலில் பொருட்களின் பெயர்கள், பிறகு மனிதர்கள். நாபியின் சாவுக்குப் போய் நாபி எங்கே என்று கேட்டார். மேவிஸ் அப்போதுதான் அந்த இரண்டாம் பாதியைப் பற்றி மகளிடம் சொன்னாள்.

ஜில் பாலங்களைச் சோதிக்கும் பொறியாளர். இரும்பு ஒரு பெரிய அடியில் உடைவது அபூர்வம். சிறிய சுமை மீண்டும் மீண்டும் ஏறி இறங்கினால் உள்ளே விரிசல் ஓடும். மேலே வண்ணம் பளபளக்கும். அதைக் கண்டுபிடிப்பதற்குத்தான் அவளுக்குச் சம்பளம். உத்தரத்தில் தொங்கிய பந்தை வைத்து, மொத்தம் எத்தனை முட்டு என்று ஒரு முறை கணக்குப் போட ஆரம்பித்தாள். காகிதத்தைக் கிழித்துப் போட்டாள்.

முதியோர் இல்லத்தில் செவ்வாய்க்கிழமை உடற்பயிற்சி. நாற்காலிகளை வட்டமாகப் போட்டு, ஒரு பெண் பஞ்சுப் பந்தை ஒவ்வொருவருக்கும் வீசுவாள். டெனிஸுக்கு அப்போது தன் பெயர் தெரியாது. பந்து வந்தது. கழுத்தைப் பின்னால் இழுத்து, நெற்றியின் நடுவில் வாங்கி, அவள் கைக்கே நேராகத் திருப்பி அனுப்பினார்.

"கையால புடிக்கணும் தாத்தா," என்றாள் அவள்.

மறுபடி வீசினாள். மறுபடி முட்டினார்.

அவர் இறந்தபோது தோர்ன்பெக் டவுனின் இப்போதைய தலைவர் ஜில்லைத் தொலைபேசியில் அழைத்தார். சனிக்கிழமை ஆட்டத்துக்கு முன் கூட்டம் ஒரு நிமிடம் எழுந்து நிற்கும் என்றார்.

"அந்தக் கோலை விட்டுடலாம்மா. அன்னிக்கு அவருக்கு அதிர்ஷ்டம் இல்லன்னு மட்டும் மைக்ல சொல்றோம்."

"அதிர்ஷ்டத்துக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல சார். நெனவில்லாத மனுஷன ஆட அனுப்புனாங்க. ஆனா முட்டுனது அவருதான். சொன்னா ரெண்டையும் சொல்லுங்க. இல்லன்னா ஒண்ணையும் சொல்லாதீங்க."

"கேக்க நல்லா இருக்காதேம்மா."

"நல்லா இல்லதான்."

சனிக்கிழமை ஜில் தேவாலய முனையில், வலைக்குப் பின்னால் போய் நின்றாள். ஒலிபெருக்கி கரகரத்தது. இரண்டையும் சொன்னார்கள்.