நம்ம ஆள் நடத்திய கராத்தே வகுப்பு

மகள் மூன்றாம் வகுப்பு படித்த வருஷம் அவளைக் கராத்தேயில் சேர்ப்பது என்று முடிவு செய்தோம். காரணம் பள்ளி வேன். வேனில் ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன் தினமும் ஜன்னலோர சீட்டில் தன் பையை வைத்துவிட்டு, அவளைப் பின்னால் டயர் மேட்டின் மேல் உட்கார வைத்தான். சில நாள் சடையைப் பிடித்து இழுத்தான். அவள் அங்கேயும் வாய் திறக்கவில்லை, வீட்டுக்கு வந்து எங்களிடமும் சொல்லவில்லை. அதே வேனில் போகும் எதிர்வீட்டுச் சிறுமிதான் வந்து சொன்னாள். நான் டிரைவரைப் பிடித்துக் கேட்டேன். "சின்ன பில்லலு மேடம், மாமூலே" என்று தெலுங்கில் சொல்லிச் சிரித்தார். குழந்தைகள் என்றால் அப்படித்தானாம். அந்தச் சிரிப்பு எனக்கு இன்றைக்கும் ஆகாது.

அவள் யாரையும் அடித்துத் துவைக்க வேண்டும் என்று நான் ஆசைப்படவில்லை. 'இது என் சீட்டு, நகரு' என்று வாயைத் திறந்து சொன்னால் போதும் என்றிருந்தது. அந்த ஒரு வார்த்தைக்கு எந்த வகுப்பும் இல்லாததால் கராத்தே.

நாங்கள் கோயம்புத்தூரிலிருந்து வந்து நான்கைந்து வருஷம் ஆகியிருந்தது. கணவருக்கு ஹைடெக் சிட்டியில் சாஃப்ட்வேர் வேலை, எனக்கு சிகந்தராபாத்தில் ஒரு ஆடிட்டர் ஆபீஸ். வீடு சைனிக்புரியில். அந்தக் காலத்தில் அங்கே தெருவுக்கொரு கராத்தே போர்டு தொங்கியது. ஊரில் கம்பெனிகள் பெருகப் பெருக, சாயங்காலம் பிள்ளைகளை எங்கேயாவது கொண்டுபோய் விட வேண்டிய பெற்றோரும் பெருகியிருந்தோம்.

முதலில் பார்த்தது காலனி ஹாலில் நடந்த வகுப்பு. பெற்றோருக்கு பிளாஸ்டிக் நாற்காலி, குடிக்கத் தண்ணீர், எல்லாம் இருந்தது. மாஸ்டர் எங்கள் மகளைப் பார்ப்பதற்கு முன்னால், பிள்ளைகள் ஓடு உடைப்பது போல எடுத்த போட்டோக்களைக் காட்டினார். ஓடு ஏற்கெனவே உடைந்திருந்தது போட்டோவிலேயே தெரிந்தது. இரண்டாவது, ரிட்டயர்டு ராணுவக்காரர் ஒருவர் தன் கார் ஷெட்டில் நடத்தியது. பிள்ளைகள் வெறுங்காலோடு ஜல்லியில் ஓடின. ஒரு பையன் ஓரமாகப் போய் வாந்தி எடுத்தான், அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மகள் என் விரலை நசுக்கிவிட்டாள்.

அந்த வாரம்தான் கணவருடைய ஆபீஸ் தமிழ்க் கோஷ்டி லாலாகுடாவில் ஒரு மாஸ்டர் இருப்பதைக் கண்டுபிடித்துச் சொன்னது. ரயில்வே குவார்ட்டர்ஸ் பக்கத்து மைதானத்தில் ஞாயிற்றுக்கிழமை காலையில் வகுப்பு.

"நம்மாளு, கண்ணு. தமிழ்ல சொல்லிக்குடுப்பாரு. புள்ள பயமில்லாம பேசும்" என்றார் கணவர்.

"ஏனுங்க, இங்கிருந்து லாலாகுடாவுக்கா? ஞாயித்துக்கெழம பூராவும் ரோட்டுலயே போயிருமுங்க" என்று ஒப்புக்குச் சொன்னேன். எனக்கும் உள்ளூர ஆசைதான். முதல் இரண்டு வகுப்புகளிலும் அத்தனை நொட்டை சொன்ன நாங்கள், இதைப் போய்ப் பார்க்காமலே சரி என்று சொல்லிவிட்டோம். வெளியூரில் இருக்கும் தமிழர்களுக்கு இந்த வியாதி உண்டு. டாக்டர், வக்கீல், பால்காரர், யாராக இருந்தாலும் தமிழ் என்று தெரிந்துவிட்டால் மேற்கொண்டு விசாரிக்க மாட்டோம். இத்தனைக்கும் எங்கள் வீட்டிலேயே நாங்கள் தமிழில் கேட்டால் மகள் தெலுங்கிலோ இங்கிலீஷிலோதான் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

மாஸ்டர் தாத்தா காலத்திலிருந்தே லாலாகுடாக்காரர். தாத்தாவும் அப்பாவும் ரயில்வே ஒர்க் ஷாப்பில் வேலை பார்த்தவர்கள். எங்களைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. "ஹவ் மேடம், நம்ம பாப்பாதானே! டென்ஷன் நக்கோ. நான் இருக்கேன்ல, பார்த்துக்குறேன்" என்றார். 'ஹவ்' என்றால் ஆமாம், 'நக்கோ' என்றால் வேண்டாம்; அந்த ஊர் உருது அவர் தமிழில் கலந்திருந்தது. மகளைத் தோளைப் பிடித்து முன்வரிசையில் நிறுத்தி, "யே ஹமாரி பச்சி ஹை" என்று மற்றப் பிள்ளைகளுக்கு அறிவித்தார். இது நம்ம பொண்ணு. கணவருக்கு அதைக் கேட்டுத் தலைகால் புரியவில்லை.

அவர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார், அதுதான் வினையாகப் போனது. ஓடச் சொன்னால் பாதி மைதானத்தில், "போதும் பாப்பா, நீ உட்காரு." ஜோடி சேர்த்துச் சண்டை போட வைக்கும்போது, "பாப்பா, நீ சும்மா பாரு." அவள் மேல் ஒரு அடி விழவில்லை. அவளும் யாரையும் அடிக்கவில்லை. கை காலை வீசும்போது மற்றப் பிள்ளைகள் போடும் சத்தத்தில் மைதானம் அதிரும், இவள் உதடு மட்டும் அசையும். இடைவேளையில் பிள்ளைகள் கும்பலாகக் குழாயடிக்கு ஓடுவார்கள். மாஸ்டரின் சொந்தக்காரப் பெண் என்று நினைத்தார்களோ என்னவோ, ஒருவரும் இவளைக் கூப்பிடவில்லை. இவள் எங்களிடம் வந்து ஃபிளாஸ்கில் தண்ணீர் குடிப்பாள். நாங்களும் ஊற்றிக் கொடுத்தோம்.

வேனில் டயர் மேடு அப்படியே இருந்தது.

மஞ்சள் பெல்ட் டெஸ்ட் வந்தது. ஒவ்வொரு பிள்ளையும் படித்த அடவுகளைச் செய்து காட்டி, பிறகு ஒருவரோடு மோத வேண்டும். எங்கள் மகள் அடவுகளை ஒழுங்காகவே செய்தாள். முடித்ததும் மாஸ்டர் எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, மோதல் இல்லாமலே பெல்ட்டை எடுத்து அவள் இடுப்பருகே கொண்டுபோனார். கணவர் கேமராவைத் தயாராக வைத்திருந்தார்.

அவள் ஒரு அடி பின்னால் நகர்ந்தாள். "நாக்கு ஊரிக்கே வத்து சார். ஃபைட் சேசி தீசுகுண்ட்டா" என்றாள். சும்மா வேண்டாம், சண்டை போட்டே வாங்கிக்கொள்கிறேன் என்று. மைதானத்தின் அந்தக் கோடி வரைக்கும் கேட்டது. அவளுக்கு அவ்வளவு பெரிய குரல் இருப்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

மாஸ்டர் எங்களைப் பார்த்தார். கணவர் வேண்டாம் என்று தலையாட்ட ஆரம்பித்தார். நான் அவர் கையைப் பிடித்து அழுத்தினேன். ஒர்க் ஷாப்பில் வேலை செய்யும் ஒருவரின் மகளோடு ஜோடி சேர்த்தார்கள், கொஞ்சம் உயரமான பெண். என் மகள் விழுந்தாள். எழுந்தாள். மறுபடியும் விழுந்தாள், உதடு கிழிந்தது. எழுந்து ஒரு சத்தம் போட்டுக்கொண்டு உதைத்தாள், அது காற்றில் போனது. தோற்றுப்போனாள். பெல்ட் கிடைக்கவில்லை. எனக்கு அழுகையும் வந்தது, அந்தப் பெண்ணின் காதைத் திருக வேண்டும் போலவும் இருந்தது.

"உங்களுக்காகத்தான் மேடம் பாப்பாவ சண்டையில விடாம வெச்சிருந்தேன்" என்றார் மாஸ்டர், பாவம்.

மறுநாள் வேன் வந்தபோது நான் கேட்டில் நின்றேன். ஜன்னலோர சீட்டில் பை இருந்தது. வீங்கிய உதட்டோடு ஏறியவள் பையைத் தூக்கி அந்தப் பையன் மடியில் வைத்தாள். "இதி நா சீட்டு" என்றாள். அவள் உதட்டைப் பார்த்தானோ, குரலைக் கேட்டானோ, அவன் நகர்ந்து உட்கார்ந்தான். டிரைவர் என்னைப் பார்த்தார். இந்தத் தடவை நான் சிரித்தேன்.

"அப்போ இனி கராத்தே வேண்டாமில்ல?" என்று கணவர் அன்று ராத்திரி மகளிடம் கேட்டார். தொடர்ந்து போவேன் என்றாள் அவள். ஆனால் ஒரு நிபந்தனை. நாங்கள் மைதானத்துக்குள் வரக்கூடாது, காரிலேயே இருக்க வேண்டும். மாஸ்டர் சாரிடம் எதுவும் பேசவும் கூடாது.

அடுத்த ஞாயிறு ரயில்வே சுவர் ஓரமாகக் காரை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தோம். கணவர் பேப்பரைப் புரட்டினார். ஃபிளாஸ்க் என் மடியில் நிறைந்தபடியே இருந்தது. வகுப்பு முடிந்து பிள்ளைகள் வெளியே வந்தார்கள். போன வாரம் உதட்டைக் கிழித்த அதே பெண்ணின் தோளில் கையைப் போட்டுக்கொண்டு மகள் வந்தாள், முழங்கையில் சிராய்ப்பு. தெலுங்கும் ஹிந்தியுமாக இருவரும் எதற்கோ விழுந்து விழுந்து சிரித்தார்கள். அதுவரை எங்களை மாஸ்டர் வீட்டு ஆட்கள் என்று நினைத்திருந்தாளோ என்னவோ, அந்தப் பெண் காரைக் காட்டி, யார் இவர்கள் என்று கேட்டாள்.

"மா மம்மி டாடி" என்றாள் என் மகள். பிறகு, விவரம் போதாது என்று நினைத்தவள் போல, "வாள்ளு தமிழ்" என்றாள். அவர்கள் தமிழ்க்காரர்கள்.

கணவர் கார் கதவைத் திறந்துவிட்டார். அவள் ஏறிக்கொண்டு, பசிக்கிறது என்றாள்.