ஒரு வீடு மூன்றாகப் பிரிந்த வளைவு

ஐப்பசி மாதம், காலை ஆறே முக்கால். ஜமுனாமரத்தூர் கடைவீதியில் போளூர் பஸ் உறுமிக்கொண்டு நின்றது. தூரம் நாற்பது கிலோமீட்டர் சொச்சம்; டிக்கெட் மூன்று ரூபாய் அறுபது பைசா. மூன்று நாளாக ஊற்றிய மழை அன்று விடிகாலையில்தான் ஓய்ந்திருந்தது. ஏறுவதற்கு முன் நாற்பது பைசா கொடுத்து ஒரு டீ வாங்கிக் குடித்தேன்.

"மழை விட்டுடுச்சு போலிருக்கே?" என்று டீக்கடைக்காரரிடம் கேட்டேன்.

"வுட்டுதான்னு என்னைக் கேக்காதீங்கம்மா. இப்பப் பெய்யல. அவ்ளோதான் எனக்குத் தெரியும்."

இந்த மாதிரிப் பேச்சுக்காகவே எத்தனை தூரம் வேண்டுமானாலும் பஸ் ஏறலாம். நான் படித்தவள் இல்லை. கடலூர் முதுநகரில் தையல் மெஷின் மிதித்து இரண்டு பிள்ளைகளை ஆளாக்கியவள். துணி சுற்றிவந்த காகிதங்களை எழுத்துக் கூட்டிப் படித்துத்தான் எழுதக் கற்றேன். தங்கையின் வீட்டுக்காரர் இந்த மலையில் ஆரம்பப் பள்ளி வாத்தியார். அவர்கள் வீட்டில் சாமைச் சோறும் புளிக்குழம்புமாகச் சில நாள் தங்கிவிட்டு, இப்போது திரும்புகிறேன்.

பஸ் கிளம்பும் நேரத்தில் மூன்று பேர் ஓடிவந்தார்கள். வெள்ளையன் என்ற மலை விவசாயி, அவர் மனைவி பூங்காவனம், தாயார் குள்ளம்மா. பூங்காவனத்துக்கு நிறைமாதம். நள்ளிரவில் வலி எடுத்திருக்கிறது. குழந்தை குறுக்கே கிடப்பதாகச் சொன்ன நர்ஸம்மா, உடனே போளூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்படி அனுப்பியிருக்கிறார். வெள்ளையன் கடைசி நீள சீட்டில் மனைவியைப் படுக்கவைக்கப் போனார். டிரைவர் முனிரத்தினம் திரும்பிப் பார்த்துச் சத்தம் போட்டார்.

"யோவ், பின்னாடி தூக்கித் தூக்கிப் போடும்யா. முன்னாடி கொண்டாந்து சாய்ச்சு உக்கார வை."

இரண்டாவது வரிசையில் இருந்த நான் எழுந்து இடம் கொடுத்தேன்.

மணி ஏழு ஐம்பது. மலைப்பாதை இறங்கத் தொடங்கிக் கொஞ்ச தூரம் வந்திருப்போம். ஒரு வளைவுக்கு முன்னால் மண்வெட்டியோடு ஒரு மனிதர் நடுரோட்டில் நின்று கையைக் குறுக்கே நீட்டினார். பஸ் நின்றது. எல்லாரும் இறங்கினோம்.

ஒரு பர்லாங் நீளத்துக்கு ரோடு முழுக்கச் சேறு. இடது பக்கம் மேட்டிலிருந்து சின்னச் சின்னக் கற்கள் உருண்டு வந்துகொண்டிருந்தன. வலது பக்கம் பள்ளம். பள்ளத்தின் ஓரமாகத் தாரில் விரிசல் ஓடியிருந்தது. என் கை விரல்கள் உள்ளே போகும். கையை நீட்டி நிறுத்தியவர் ரோட்டு மேஸ்திரி கோவிந்தன்.

"நேத்து சாயந்தரம் இது நூலாட்டம் இருந்துது. ராத்திரியில இவ்ளோ ஆயிருக்குது" என்றார்.

"வண்டி போவலாமா, கூடாதா? ஒரே வார்த்தையில சொல்லு" என்றார் போளூர்ப் புளி மண்டிக்காரர். மலைக்கு வந்து புளி விலை பேசிவிட்டுத் திரும்புகிறவர். நல்ல பருத்த உடம்பு.

"தெரியாதுங்க."

"தெரியாதா? பின்ன உன்னை இன்னாத்துக்குக் கவர்மெண்டு இங்க வச்சிருக்குது?"

"மண்ணு வார்றதுக்குங்க."

கூட்டம் சிரித்தது. மேஸ்திரி சிரிக்கவில்லை. என்னைப் பார்த்து, வெளியூர் ஆள் என்று கண்டுகொண்டாரோ என்னவோ, விளக்கமாகவே சொன்னார். "போன வருசம் மழை தூறினாலே செவப்புத் துணி கட்டினேம்மா. நாலு வாட்டி ஒண்ணும் ஆவல. அஞ்சாவது வாட்டி டிரைவருங்க துணியப் பாத்து டாட்டா காட்டிட்டுப் போனாங்க. அதான் இப்பத் துணி கட்றதில்ல. நானே வந்து நிக்கறேன். என் மேல ஏத்திட்டுப் போவ மாட்டாங்க பாருங்க."

பிறகு பேச்சு தொடங்கியது. பேச்சு என்றால் சண்டை இல்லை. ஆனால் தூரத்திலிருந்து பார்த்தால் சண்டை என்றுதான் தோன்றும். மலைக்காரர்கள் ரோட்டோரம் குந்திக்கொண்டார்கள். திரும்பிப் போய் காவலூர் வழியாக ஆலங்காயத்துக்கு இறங்கலாமே என்றார் ஒருவர். அந்தப் பக்கத் தரைப்பாலத்தின் மேல் தண்ணீர் ஓடுவதாக நேற்றே சேதி வந்தது, இப்போது வடிந்ததா இல்லையா என்று யாருக்கும் தெரியாது என்றார் இன்னொருவர். பூங்காவனத்தை மட்டும் டோலி கட்டித் தூக்கிப் போகலாம் என்றது ஒரு குரல்.

"இந்தச் சேத்துல நாலு பேரு காலும் ஒண்ணா நிக்குமா? ஒருத்தன் வழுக்குனா மூணு பேரு இன்னா பண்ணுவீங்க? பொண்ணைக் குலுக்கக் கூடாதுன்னு நர்ஸம்மா சொல்லிக்கீது" என்றார் குள்ளம்மா.

பஸ்ஸின் படியில் உட்கார்ந்திருந்த பூங்காவனம் பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு வலியைத் தாண்டினாள். கூட்டம் அந்த நேரத்துக்கு மட்டும் வாயை மூடிக்கொண்டது. அவள் மூச்சு விட்டதும் மறுபடி ஆரம்பித்தது.

"போவலாம்யா! காலி வண்டிதானே? ஒண்ணும் ஆவாது" என்றார் மண்டிக்காரர்.

முனிரத்தினம் பீடியைக் கீழே போட்டு மிதித்தார். "போவலாம்னு சொல்றவரு வண்டியில உக்காரட்டும். நான் ஓட்றேன்."

நாங்கள் எல்லாரும் மண்டிக்காரரைப் பார்த்தோம். அவர் சேற்றைப் பார்த்தார், பஸ்ஸைப் பார்த்தார். பிறகு, நான் எதிர்பார்க்கவே இல்லை, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு விறுவிறுவென்று பஸ்ஸில் ஏறிவிட்டார். உடனே மேஸ்திரி ஓடிவந்தார்.

"இவரு வேணாங்க. வெயிட்டு ஜாஸ்தி."

"என்னாது?"

"ரெண்டு மூட்டைக்கு வருவீங்க. எறங்கிடுங்க சாமி."

"பாத்துக்கங்க எல்லாரும்! நானா எறங்கல. எறங்கச் சொன்னது இவன்" என்று சொல்லிக்கொண்டே அவர் இறங்கினார். முகத்தில் கோபம் பாதி, நிம்மதி பாதி. அவரைக் கேலி செய்ய எனக்கு மனம் வரவில்லை. ஏறினாரே, அது பெரிது.

மணி எட்டரை. காலி பஸ் பள்ளத்தை விட்டு மேட்டை உரசிக்கொண்டு போவது, பூங்காவனம் அதிலேயே உட்கார்ந்து போவது என்று முடிவாயிற்று. யாரும் கை தூக்கவில்லை, யாரும் தீர்ப்புச் சொல்லவில்லை. எதிர்ப்பேச்சு ஒவ்வொன்றாகத் தேய்ந்து, கடைசியில் மிஞ்சியது இதுதான்.

வெள்ளையன் மனைவியோடு ஏறப் போனார். நாலைந்து பேர் ஒரே சமயத்தில் "த்சொ, த்சொ" என்று தடுத்தார்கள்.

இந்த மலையில் ஒரு வழக்கம். சந்தேகமான இடத்தை ஒரே வீட்டு ஆட்கள் சேர்ந்து கடப்பதில்லை. கூட்டம் இரண்டாகப் பிரியும். பாதிப் பேர் முன்னால் நடந்து அந்தப் பக்கம் போய் நிற்பார்கள். மீதிப் பேர் இந்தப் பக்கமே நிற்பார்கள். நடுவில் என்ன ஆனாலும் இரண்டு பக்கமும் ஓடிவரக் கை வேண்டும். எது நடந்தாலும் ஒவ்வொரு வீட்டிலும் ஒருவர் மிஞ்ச வேண்டும். ஆகவே வெள்ளையன் அந்தாண்ட, குள்ளம்மா இந்தாண்ட, பூங்காவனம் நடுவில். ஒரு வீடு மூன்று இடத்தில்.

"அப்போ எம்மருமவ கூட யாரு உக்கார்றது?" என்றார் குள்ளம்மா. "பொம்பளையா இருக்கணும். வேற வூடா இருக்கணும்."

பெண்களுக்குள் விசாரணை நடந்தது. ஒருத்திக்குக் கைக்குழந்தை, தள்ளினார்கள். இன்னொருத்தியின் புருஷன் படுத்த படுக்கை; அவளையும் தள்ளினார்கள். அப்புறம் குள்ளம்மா என் பக்கம் திரும்பினார். என் வயதுதான் இருக்கும் அவருக்கு.

"உங்களுக்கு வூட்டுக்காரு கீறாருங்களா?"

"இல்லீங்க. போய்ப் பத்து வருஷம் ஆச்சு."

"பசங்க?"

"ரெண்டு பேர். கல்யாணம் ஆயிடுச்சு. தனித்தனியா இருக்காங்க."

"கடன் கிடன்?"

"கிடையாது."

"பொண்ணு கட்டிக் குடுக்கற பாக்கி?"

"அதுவும் இல்லை."

"அப்போ நீங்க உக்காருங்க" என்றார் குள்ளம்மா. அவ்வளவு மரியாதையாக, பந்தியில் இலை போட்டுக் கூப்பிடுவதைப் போல.

என்னை நிறுத்துப் பார்த்து, 'இவள் போனால் அழுகிறவர்கள் குறைவு' என்று முகத்துக்கு நேரே சொல்லியாகிவிட்டது. ஆனால் அதில் மறைப்பு இல்லை. என்னைக் கேட்ட கேள்விகளைத்தான் எல்லாரிடமும் கேட்டார்கள். நான் முடியாது என்றிருந்தால் விட்டிருப்பார்கள், அடுத்தவளிடம் போயிருப்பார்கள். ஏறிக்கொண்டேன்.

உள்ளே போனதும் ஒன்று உறைத்தது. டிரைவரை யாருமே கேட்கவில்லை.

"உங்களுக்குக் குழந்தைங்க உண்டா தம்பி?" என்றேன்.

"ரெண்டு. சின்னதுங்க." கியரைப் போட்டார். "என்னைக் கேக்காம இருக்கறதுக்குதான்க்கா சம்பளம் குடுக்கறாங்க."

பஸ் நகர்ந்தது. பூங்காவனத்தைப் பின்னாலிருந்து அணைத்து, ஜன்னல் கம்பியில் ஒரு கையைக் கோத்துக்கொண்டேன். முன் கண்ணாடியில் தூரத்தில் வெள்ளையன் தெரிந்தார். இடுப்பு வேட்டியில் கைவைத்தபடி. பின்னால் குள்ளம்மா நிற்பது எனக்குத் தெரியும், திரும்பிப் பார்க்க முடியவில்லை. மேஸ்திரி பஸ்ஸுக்கு முன்னால் பின்னோக்கி நடந்து கையால் வழி காட்டினார். மேட்டிலிருந்த செடிகள் ஜன்னலில் உரசி உள்ளே இலையைக் கொட்டின.

பாதி தூரத்தில் பின் சக்கரம் சறுக்கியது. வண்டி பள்ளத்துப் பக்கம் ஒரு முழம் நகர்ந்ததோ, ஒரு சாண் நகர்ந்ததோ. எனக்கு ஒரு மைல் போல இருந்தது.

"யக்கா, எங்கூட்டுக்காரு நிக்கறாரா?" என்றாள் பூங்காவனம். அவள் கண்ணைத் திறக்கவே இல்லை.

"நிக்கறாரும்மா."

"இன்னா பண்றாரு?"

"வேட்டிய அவிழ்த்து அவிழ்த்துக் கட்றாரு."

அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பிலேயே அடுத்த வலி வந்து, என் மணிக்கட்டை இறுக்கினாள். முனிரத்தினம் வண்டியை நிறுத்தவும் இல்லை, விரட்டவும் இல்லை. சக்கரம் கல்லைப் பிடித்தது. அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தோம். குள்ளம்மாவின் கூட்டம் நடந்து வந்து ஏறிக்கொண்டது.

மண்டிக்காரர் உட்கார்ந்த உடனே ஆரம்பித்தார். "நான் அப்பவே சொன்னேன், ஒண்ணும் ஆவாதுன்னு. சேத்துல நடக்க வுட்டீங்க எல்லாரையும்." அவர் சொன்னது சரியா தப்பா என்று எப்படித் தெரிந்துகொள்வது? நிறைந்த பஸ்ஸோடு போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை யார் போய்ப் பார்த்துவிட்டு வருவது?

ஒன்பதரைக்கு அடிவாரத்தில், மலையேறக் காத்திருந்த பஸ்ஸின் டிரைவர் ஜன்னல் வழியே தலையை நீட்டினார். "இன்னா முனிரத்தினம், ரோடு நல்லாக்கீதா?"

"நாங்க வந்துட்டோம்" என்றார் இவர். "நல்லாக்கீதான்னு தெரியாது. மேஸ்திரி நிக்கறாரு, கேட்டுக்கினு போ."

பத்தேகாலுக்குப் போளூர் ஆஸ்பத்திரி. பஸ்ஸை வாசலுக்கே கொண்டுபோய் நிறுத்தினார்கள். ஒரு பயணியும் முணுமுணுக்கவில்லை, மண்டிக்காரர் உட்பட. டாக்டரம்மா பூங்காவனத்தை உள்ளே கொண்டுபோனார். ஊருக்குப் போகத் திருவண்ணாமலை பஸ் எப்போது வேண்டுமானாலும் கிடைக்கும் என்று நானும் உட்கார்ந்துவிட்டேன். ஒன்றரை மணிக்கு ஆயா வெளியே வந்தாள். ஆபரேஷன் செய்துதான் எடுத்தார்களாம். பெண் குழந்தை. தாய் பிழைத்துக்கொண்டாள்.

வெள்ளையன் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு மூக்கைச் சிந்தினார். குள்ளம்மா அழவில்லை. விரலை மடக்கி ஏதோ கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னாம்மா?" என்றார் வெள்ளையன்.

"போவும்போது அந்த வளைவு அப்படியேதான் இருக்கும். எடம் மூணு. நாம இப்ப நாலு பேரு."

"கொழந்தைய நான் தூக்கிக்கினு அந்தாண்ட போயிடறேன்."

"பால் குடிக்கறத எங்கடா தூக்கிக்கினு போவ? அது ஆத்தா கூடதான்." மறுபடி விரலை மடக்கினார். "பால் மறக்கற வரைக்கும் ரெண்டும் ஒரு ஆளுதான். அப்போ மூணுதான். சரியாப் போச்சு."

பிறகு என்னைப் பார்த்தார். "ஆனா கூட உக்கார ஒரு ஆளு வேணும். நாங்க மலையேறுற அன்னிக்கு வர்றீங்களா?"

கேலியாகத்தான் கேட்டார். நானும் சிரித்தேன். ஆனால் அந்தக் கேள்வி எனக்கு இனித்தது. காலையில் 'போனாலும் பரவாயில்லை' என்று ஏற்றிய அதே காரணத்தால்தான் இப்போது நான் வேண்டப்படுகிறேன்.

மாலை மூன்றேகாலுக்குத் திருவண்ணாமலை பஸ் ஏறினேன். வழியெல்லாம் எங்கள் ஊர்தான் நினைவில் வந்தது. கடலூரில் புயல் வந்தால் துறைமுகத்தில் கூண்டு ஏற்றுவார்கள். எத்தனையாம் எண் என்று தெருவே வாசலில் நின்று கேட்கும். எட்டு என்றால் பதறுவோம். போன தடவையும் எட்டுதான், ஒன்றும் ஆகவில்லையே என்று ஒருவர் சொன்னதும் தேறுவோம். அப்புறம் அவரவர் கதவைச் சாத்திக்கொள்வோம். எண்ணைப் பற்றி இவ்வளவு பேசுகிற எங்கள் தெருவில், எதிர் வீட்டுப் பத்மாவதிக்குக் கால் வராது. தண்ணீர் உள்ளே வந்தால் அவளை யார் தூக்குவது, அவளோடு யார் இருப்பது என்ற பேச்சு இதுவரை எழுந்ததில்லை.

வீட்டுக்குப் போனதும் அந்தப் பேச்சை எடுக்க வேண்டும். எடுத்தால் எல்லாரும் முதலில் என்னைத்தான் பார்ப்பார்கள். பார்க்கட்டும். எனக்கு வீட்டுக்காரர் இல்லை, பிள்ளைகள் தனித்தனி, கடன் கிடையாது.